அத்தியாயம் 6: தரையில் ஒரு புல், தண்ணீருக்கடியில் ஒரு புல்

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் செடிகளை ஒப்பிடும் பாடம் வந்தால் மாமரத்தையும் நெற்பயிரையும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். இரண்டும் எல்லா வகையிலும் வேறாக இருப்பதால், பிள்ளைகள் கண்ணில் பட்டதை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்: அது பெரிது, இது சிறிது, அதில் கிளை இருக்கிறது, இதில் இல்லை. ஏன் அப்படி என்ற கேள்வி எழ இடமே இருக்காது. அதனால் இந்த அத்தியாயத்துக்கு வேறொரு இணையை எடுத்திருக்கிறேன். ஒன்று, பள்ளி மைதானத்து ஓரத்தில் படர்ந்து கிடக்கும் அருகம்புல். மற்றது, பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடலடி மணலில் வேர்விட்டு வளரும் கடற்புல். கடல்தாழை என்றும் அதைச் சொல்வார்கள்.

இரண்டுக்கும் பச்சை இலை உண்டு, வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு உண்டு, பூவும் விதையும்கூட உண்டு. ஆனால் ஒன்றைச் சுற்றிக் காற்று. மற்றதைச் சுற்றி உப்புத்தண்ணீர். அந்த ஒரு மாற்றம் இலையின் தோலிலிருந்து மகரந்தத்தின் வடிவம் வரை எதையெல்லாம் மாற்றிவிட்டது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். எனவே கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து ‘வேறுபாடுகள்’ என்று தொடங்காதீர்கள். அட்டவணை கடைசியில் வரட்டும். அதையும் பிள்ளைகளே போடட்டும். அதுவரை வகுப்பை நடத்திச் செல்ல ஒரே கேள்வி போதும்: இந்தச் செடிக்கு இந்த இடத்தில் என்ன சிரமம், அதை எப்படிச் சமாளிக்கிறது?

முன்கூட்டியே திரட்ட வேண்டியவை

அருகம்புல்லைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் பாதி கையோடு வரும், மீதி மண்ணிலேயே நின்றுவிடும். களைக்கொத்தியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். அப்போதுதான் தரைமேல் ஓடும் தண்டும், தரைக்குள் ஓடும் வெளிறிய மட்டநிலத்தண்டும் ஒரே செடியில் சேர்ந்து தெரியும். ஒரு துண்டு கரும்புத் தோகை, ஒரு மூங்கில் குச்சி, கிடைத்தால் ஒரு நெற்பயிர் ஆகியவற்றையும் மேசையில் வையுங்கள். நெல், கேழ்வரகு, கரும்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம் என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

கடற்புல் விஷயத்தில் கவனம் தேவை. கடலில் இறங்கி அதைப் பறிக்கவே கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கரையில் ஒதுங்கிக் கிடப்பதே நமக்குப் போதும். வாடைக் காற்றில் பாக் விரிகுடா கொந்தளிக்கும் மாதங்களில் கடற்புல் இலைகள் கரையில் குவியல் குவியலாகக் கிடக்கும். கிளறிப் பார்த்தால் கணுக்களும் வேரும் உள்ள தண்டுத் துண்டு அகப்படும். காய்ந்தது வேண்டாம், அலை நனைக்கும் இடத்தில் கிடப்பதை எடுத்து, கடல்தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

கடலோரத்தில் இல்லாத பள்ளிகள் கடலுக்குப் போக வழியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். குளத்தில் வளரும் ஹைட்ரில்லாவும், நாடா போன்ற நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியாவும் பாக் விரிகுடாவில் வளரும் சில கடற்புற்களுக்கு நெருங்கிய சொந்தம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை இவற்றை வைத்தே செய்யலாம். வண்ணமீன் கடைகளிலும் கிடைக்கும். குளத்திலிருந்து எடுப்பதாக இருந்தால் ஆசிரியர் மட்டும் எடுக்கட்டும். பிள்ளைகள் கரையில் நிற்கட்டும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

ஒரு கண்ணாடித் தொட்டியில் அல்லது வெளிர்நிற வாளியில் தண்ணீர் நிரப்பி, வாலிஸ்நேரியாவின் அடியை ஒரு கூழாங்கல்லில் கட்டி இறக்குங்கள். இலைகள் மேல்நோக்கி எழுந்து நிற்கும். இப்போது ஒரு பிள்ளை அதை வெளியே தூக்கட்டும். நனைந்த நாடா போல இலைகள் அப்படியே தொங்கிவிடும். மறுபடி தண்ணீரில் விட்டால் மறுபடி எழும். எல்லாரும் ஒரு முறையாவது செய்து பார்க்க நேரம் கொடுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகப் போனால் போகட்டும்.

அடுத்து அருகம்புல்லின் தண்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அது காற்றில் தானே நிற்கிறது. கரும்புத் தோகையின் ஓரத்தில் விரலை வைத்து மிக மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். வேகமாக உருவினால் அறுத்துவிடும். மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்காவைப் புற்கள் இலையில் சேர்த்துவைப்பதுதான் அந்தச் சுரசுரப்புக்கும் கூர்மைக்கும் காரணம். தரைப்புல் தன் எடையைத் தானே சுமக்க வேண்டும். அதற்காகத்தான் கணுக்களும், கணுக்களுக்கிடையே உள்ளீடற்ற குழலாக இருக்கும் தண்டும், விறைப்பான நார்களும். கடற்புல்லின் எடையைத் தண்ணீரும், இலைக்குள் இருக்கும் காற்றறைகளும் தாங்கிக்கொள்கின்றன. அங்கே விறைப்பாக நின்றால்தான் ஆபத்து, அலையும் நீரோட்டமும் ஒடித்துவிடும். வளைந்து கொடுக்கும் நாடா இலைதான் அங்கே பிழைக்கும்.

கடற்புல் என்றால் எல்லாமே நாடாதான் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கடலில் ஏறத்தாழ 15 இனங்கள் உள்ளன. அவற்றில் சிரிங்கோடியத்தின் இலை ஊசி போல உருண்டது. ஹாலோஃபிலா ஒவாலிஸின் இலை நீள்வட்டமாக, சிறு தளிர் வெற்றிலை அளவுகூட இல்லாமல், இணை இணையாக மணலிலிருந்து எழும். கடற்புற்கள் தாவரவியல்படி புல் குடும்பமே அல்ல. இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்பதோடு சொந்தம் முடிகிறது. தரையில் வாழ்ந்த பூக்கும் செடிகளின் வழிவந்தவை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பிப்போனவை. இதை ஐந்தாம் வகுப்பில் ஒரே வாக்கியத்தில் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ‘தரையிலிருந்து போனவை’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வேரும் பூவும் கடலுக்கடியில் எப்படி வந்தன என்று யாராவது கேட்டால் அதுதான் பதில்.

இலையின் தோல்

இந்தப் பாடத்தின் நடுநாயகம் இதுதான். அருகம்புல் இலை சிறியது. மக்காச்சோள இலையோ கரும்புத் தோகையோ எடுத்துக்கொள்ளுங்கள். கைபொறுக்க முடியாத சூடுள்ள வெந்நீரில் ஆசிரியரே அந்த இலையை அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். இலையின் இருபுறமும் பொடிப்பொடியாகக் குமிழிகள் அரும்பும். இலைக்குள் இருந்த காற்று சூட்டில் விரிந்து இலைத்துளைகள் வழியாக வெளியே வருகிறது. பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது. நிறமற்ற நகப்பூச்சை இலைமேல் தடவி, உலர்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பாருங்கள். புல் இலையில் துளைகள் வரிசை வரிசையாக, நேர்கோட்டில் அமைந்திருப்பது தெரியும்.

கடற்புல் இலையில் இந்தத் துளைகளே இல்லை. 2016-இல் ஸோஸ்டெரா மரினா என்ற கடற்புல்லின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, இலைத்துளை உண்டாக்கும் மரபணுக்களையே அது இழந்துவிட்டது தெரியவந்தது. தரைப்புல்லுக்குத் துளை ஏன் வேண்டும்? உடம்பு காயாமல் இருக்க இலைமேல் மெழுகுப் படலம் போர்த்தியிருக்கிறது; போர்த்திவிட்டால் காற்று உள்ளே போக வழியில்லை; ஆகவே திறந்து மூடும் வாசல் வைத்திருக்கிறது. கடலுக்குள் காயும் பயமில்லை. கடற்புல்லின் மேற்படலம் மிக மெல்லியது. தண்ணீரில் கரைந்த கரியமிலப் பொருள்களை இலை தன் தோல் முழுவதாலும் எடுத்துக்கொள்கிறது. தரைப்புல்லின் இலையில் பச்சையம் பெரும்பாலும் உள்அறைகளில் இருக்கும். கடற்புல்லுக்கோ வெளித்தோலிலேயே பச்சையம் நிறைந்திருக்கும்.

தண்ணீருக்குள் வளரும் செடியின் தோல் மெல்லியது என்பதற்குச் சான்று காட்ட ஒரு எளிய வழி உண்டு. ஒரு அருகம்புல் துண்டையும் ஒரு ஹைட்ரில்லாத் துண்டையும் ஒரு தட்டில் வைத்து நிழலில் விடுங்கள். அடுத்த பாடவேளை முடிவதற்குள் ஹைட்ரில்லா துவண்டு சுருண்டிருக்கும். அருகம்புல் அப்படியே இருக்கும். ‘தண்ணீரில் வளர்ந்த செடிக்குள் தண்ணீர் நிறைய இருக்குமே மிஸ், அது ஏன் முதலில் வாடுது?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பதிலைச் சொல்லிவிடாமல், வெந்நீரில் பார்த்த குமிழியை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

வேருக்கு மூச்சு

கடலடிச் சேற்றில் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அங்கே வேர் எப்படி உயிரோடு இருக்கிறது? இலையில் உண்டான ஆக்ஸிஜன், தண்டுக்குள் நீளவாக்கில் ஓடும் காற்றுக் குழாய்கள் வழியாக வேர்வரை இறங்குகிறது. காட்டுவதற்குத் தாமரைத் தண்டை விடச் சிறந்த பொருள் இல்லை. குறுக்கே வெட்டினால் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். பிறகு ஹைட்ரில்லாத் தண்டை ஒரு பாட்டில் தண்ணீரில் தலைகீழாக, வெட்டுமுனை மேலே இருக்கும்படி வைத்து வெயிலில் வையுங்கள். வெட்டுமுனையிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரமாக எழும்பும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் குமிழி வேகமெடுக்கும், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரிமம் கூடுதலாகக் கிடைப்பதால். பாட்டிலை நிழலுக்கு நகர்த்தி ஒரு நிமிடத்தில் எத்தனை குமிழி என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதே அளவு வெயிலில், கலங்கல் தண்ணீரில் எண்ணச் சொல்லுங்கள். கடற்புல்லுக்கு நீர்மட்டத்தில் விழும் வெளிச்சத்தில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடிவரை வந்து சேர வேண்டும். கடலடியைக் கலக்கும் இழுவைமடியும், கரையிலிருந்து வந்து சேரும் சேறும் அதை ஏன் அழிக்கின்றன என்பதற்கு இந்தப் பாட்டிலே விளக்கம்.

டெல்டா மாவட்டங்களில் பாடம் எடுப்பவர்கள் இங்கே நெல்லை விட்டுவிடக் கூடாது. நெல் சுத்தமான தரைப்புல். ஆனால் கால் முழுக்கத் தண்ணீர் தேங்கிய சேற்றில் நிற்கிறது. கடற்புல்லுக்கு இருக்கும் அதே வேர்ச்சிக்கல் அதற்கும் உண்டு, அதே தீர்வையும் வைத்திருக்கிறது. வேரிலும் தண்டிலும் காற்றுக் குழாய்கள் உள்ளன. நட்ட வயலில் நெல் செழிக்கும்போது பக்கத்துச் சோளம் தண்ணீர் தேங்கினால் மஞ்சளடித்து அழுகுவது இதனால்தான். வரப்பில் அருகு, வயலில் நெல், குளத்தில் ஹைட்ரில்லா, கடலில் கடற்புல் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், ‘தரை’, ‘தண்ணீர்’ என்ற இரண்டு பெட்டிகளுக்குள் எல்லாம் அடங்கிவிடாது என்பது பிள்ளைகளுக்கே புரியும்.

ஊசியால் ஒரு துளை

புல்லை ஆடு கடித்தாலும் மறுபடி வளர்கிறது. மாங்கன்றின் நுனியைக் கடித்தால் தடுமாறிவிடுகிறது. புல்லிலை வளரும் இடம் நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. ஒரு தொட்டியில் மக்காச்சோள விதை ஊன்றுங்கள். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும், மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், சுருண்டிருக்கும் எல்லா இலைகளையும் ஊடுருவும்படி ஓர் ஊசியைக் குத்தி எடுத்துவிடுங்கள். ஓரிரு நாள் கழித்து இலைகளைப் பிரித்துப் பார்த்தால், வளர்ச்சி நின்ற வெளி இலையில் துளை குத்திய இடத்திலேயே இருக்கும். உள் இலைகளில் மேலே ஏறிப்போயிருக்கும். துளை எவ்வளவு ஏறியதோ அவ்வளவுதான் அந்த இலையின் வளர்ச்சி. அளவுகோலை வைத்து அளந்து நோட்டில் எழுதலாம்.

கடற்புல்லின் வளர்ச்சியை அளக்க ஆய்வாளர்கள் கடலுக்கடியில் முக்குளித்துச் செய்வதும் இதே ஊசிமுறைதான். கடற்புல் இலையும் அடியிலிருந்தே வளர்கிறது. கடலாமை இலைநுனியைக் கத்தரித்துப் போனாலும் அடியிலிருந்து புது இலை வரும். கடற்பசுவின் மேய்ச்சல் வேறு மாதிரி. ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும் அந்த விலங்கு பல இடங்களில் வேர்த்தண்டோடு உழுது தின்றுவிடும், மணலில் நீளக் கோடு மட்டும் மிஞ்சும். அந்தக் கோட்டின் இருபுறமும் இருக்கும் மட்டநிலத்தண்டு பக்கவாட்டில் ஓடி மீண்டும் மூடும். நம் அருகம்புல் வெட்டுப்பட்ட இடத்தை மூடுவதும் இப்படித்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக்கிடக்கும் கடற்புல் முழுவதும் ஒரே செடி என்று 2022-இல் அறிவித்தார்கள். ஒரு விதையிலிருந்து தொடங்கி 4,500 ஆண்டுகளாக மட்டநிலத்தண்டால் பரவியது அது. அருகம்புல்லின் ஒரு கணுவைத் தொட்டியில் நட்டு வைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள்.

காற்றில் பூ, தண்ணீரில் பூ

அருகம்புல்லின் பூக்கதிரைக் கைலென்ஸில் பார்த்தால் ஊதா நிறத்தில் மகரந்தப்பைகள் நூலில் தொங்குவது தெரியும். கறுப்புத் தாள்மேல் மெல்லத் தட்டினால் தூள் விழும். வாசனையில்லை, தேனில்லை, வண்ண இதழில்லை. காற்றுக்கு அதெல்லாம் வேண்டாம்.

தண்ணீருக்குள்? கடற்புற்கள் சிலவற்றின் மகரந்தம் உருண்டையாக இல்லாமல் நூலிழை போல நீண்டிருக்கும். நீரோட்டத்தில் மிதந்துபோய்ச் சூல்முடியில் சுற்றிக்கொள்ளும். ஒரு தொட்டித் தண்ணீரில் பழைய பல்துலக்கி ஒன்றை நிறுத்தி, பொடியாக நறுக்கிய நூல் துண்டுகளையும் கொஞ்சம் ரவையையும் போட்டுக் கையால் மெல்லச் சுழற்றிவிடுங்கள். எது மயிரில் அதிகம் சிக்கியது என்று பிள்ளைகள் எண்ணட்டும். நம் கடலில் வளரும் பெரிய கடற்புல்லான எனாலஸ் இன்னொரு வழி வைத்திருக்கிறது: ஆண்பூக்கள் செடியிலிருந்து கழன்று நீர்மட்டத்துக்கு ஏறி, மிதந்துகொண்டே பெண்பூவைப் போய்ச் சேரும். குளத்து வாலிஸ்நேரியாவும் அப்படியேதான்.

கடலில் பச்சையாக இருப்பதெல்லாம் பாசிதான் என்ற எண்ணத்தை இங்கே திருத்திவிடலாம். கடற்பாசிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை, வேரும் இல்லை. அடியில் வேர் போலத் தெரிவது பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடி மட்டுமே. அது எதையும் உறிஞ்சாது. ராமேசுவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது. பாசி எடுக்கப் போகும் பெண்கள் அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

கரையில் ஒரு நடை

கடலோரப் பள்ளிகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. மணல்மேட்டில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் இராவணன் மீசை ஒரு தரைப்புல். உப்புக்காற்றையும் சுடுமணலையும் தாங்கி, மணலைப் பிடித்துவைக்கிறது. அதன் உருண்டைத் தலைகள் காற்றில் உருண்டோடி விதை பரப்பும். அங்கிருந்து சில அடி தள்ளி, அலைக்கோட்டில் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும். அதுவும் கடலடியில் மணலைப் பிடித்துவைக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. இரண்டின் இலையையும் ஒவ்வொரு கையில் வைத்துக்கொண்டு தொட்டுப் பார்ப்பதற்கு ஈடான பாடம் வகுப்பறைக்குள் கிடையாது.

பாக் விரிகுடாவில் அழிந்த கடற்புல் படுகைகளை மறுபடி நடும் வேலை நடக்கிறது. மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல் கன்றுகளைப் பிணைத்துக் கடலடியில் இறக்குகிறார்கள். கன்று வேர்பிடிக்கும்வரை மூங்கில் தாங்கும், பிறகு மட்கிப்போகும். மேசைமேல் வைத்த மூங்கில் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு இதை விளக்குங்கள்.

மதிப்பீடு

ஒரே ஒரு கேள்வி கொடுங்கள்: அருகம்புல்லைக் கடலடியில் நட்டால் என்ன ஆகும், கடற்புல்லை மைதானத்தில் நட்டால் என்ன ஆகும்?

‘செத்துவிடும்’ என்று மட்டும் எழுதினால் அது பதிலின் தொடக்கம்தான். எதனால் என்று திருப்பிக் கேளுங்கள். அருகம்புல்லுக்கு உப்பு வேரிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே தண்ணீரில் பரவும், ஆகவே இலைத்துளை பயன்படாது. வேருக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராது. கடற்புல் எழுந்து நிற்காது, மெல்லிய தோல் வழியாக உலர்ந்துவிடும், மகரந்தத்தைச் சுமக்கத் தண்ணீர் இருக்காது. இவற்றில் இரண்டைக் காரணத்தோடு ஒரு பிள்ளை சொன்னால் முழு மதிப்பெண் கொடுங்கள். சொல்லும் வரிசை முக்கியமில்லை. ‘அலை வந்தால் அருகம்புல் ஒடிஞ்சிடும்’ என்பது போல இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை ஒரு பிள்ளை எழுதினால், தவறென்று அடிக்காமல், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியை அந்தப் பிள்ளையையே கேளுங்கள். வாளியும் தண்ணீரும் அருகம்புல்லும் அங்கேதானே இருக்கின்றன.